துவக்கு மரத்துக்கு எண்ணெய்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் வந்தன. துவக்கைக் கண்டதும் அம்மா போனை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. சோதனைச் சாவடிக் காலத்தை அவ மறக்கவில்லை. அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருப்பது வழமை, லைசன்ஸ் எடுத்துத்தான் வாங்கினாய் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சரி, அது போகட்டும்.

துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. 1943இல் டொரொன்டோவுக்குப் பக்கத்தில் லாங் பிராஞ்சில் செய்த லீ-என்பீல்ட் என்று நீ எழுதித்தான் தெரியும். மரம் என்றால் தெரியும். பார்க்க வோல்நட் மாதிரி இருக்கிறது. யாரோ மேலே வார்னிஷ் அடித்துக் கெடுத்திருக்கிறான். அதை ரிமூவர் போட்டு எடு, மெஷின் தொடவே கூடாது. குத்தியிருக்கிற முத்திரைகள் அழிந்தால் திரும்ப வராது. இரும்போடு சேருகிற விளிம்பில் சாண்ட் பேப்பர் போடாதே, மரம் பள்ளமாகிவிடும். அப்பப்பாவின் அலுமாரிக் கதவு நினைவிருக்கும்தானே.

அடிபட்டுப் பதிந்த இடங்களில் ஈரத் துணியை வைத்துச் சூடான அயனால் அழுத்து. ஆவி இறங்கி நார் பொங்கி மேலே வரும். வெட்டுப்பட்ட இடம் வராது, அதை விட்டுவிடு. பிறகு லின்சீட் எண்ணெய். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்காகும், 'பொயில்ட்' என்று போட்டதை வாங்கு. உள்ளங்கையில் கொஞ்சமாக எடுத்து, கை சுடும்வரை தேய். மிச்சத்தைத் துடை. நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு.

நீ தேய்த்த பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேகை ஓட்டத்தோடுதான் கை போயிருக்கிறது, ஒரு குறுக்குக் கீறல் இல்லை. பட்டறைப் பெடியன்களுக்கும் காட்டினேன்.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு இருந்து தேய்க்கிறேன் என்று எழுதுகிறாயே, அந்தச் சத்தத்தில் மருமகள் எப்படி நித்திரை கொள்வா? துவக்கைப் பற்றி மூன்று பக்கம் எழுத நேரம் இருக்கிறது, அவவைப் பற்றி ஒரு வரி இல்லை. தைப்பொங்கலுக்கும் நீ மட்டும்தான் கதைத்தாய். வேலையில் நிற்கிறா என்றாய். அம்மா கேட்கச் சொன்னதால் எழுதுகிறேன், நான் கேட்கவில்லை.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. லின்சீட் காயும்போது சூடாகும், குவித்து வைத்த துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயப்போடு. துவக்கைப் பூட்டி வை. ரவையை வேறு இடத்தில் வை. வீட்டில் தனிய நிற்கிற நாட்களில் அதைக் கழற்றியே வைத்திரு, மரமும் காய வேண்டும்தானே. போல்ட்டை வேண்டுமென்றால் யாராவது சினேகிதனிடம் கொடுத்து வை. பூட்டி வை, மறந்துவிடாதே.

இங்கே மழை. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நேரம் இரவு எட்டு மணிக்கு எடு. வீடியோவில் எடு, நான் மரத்தைப் பார்க்க வேண்டும். மருமகள் நின்றால் அவவையும் கூப்பிடு. நிற்காவிட்டாலும் எடு.

அன்புடன்,
அப்பா