தேன் பருந்து தேடுவது புழுவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘தேன்கூட்டைக் கழுகு கலைத்தது, தேனீக்கள் கொட்டிப் பலர் காயம்’ என்ற செய்தி கோடை வந்தால் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துவிடும். அதில் பறவைக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அது என்ன பறவை, எதற்காக அவ்வளவு தேனீக்களுக்கு நடுவே போய் மோதியது என்று யாரும் எழுதுவதில்லை. மறுநாள் அந்தக் கூட்டைக் கொளுத்தி அழித்த படம் வரும். அதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் ‘கழுகு’ பெரும்பாலும் தேன் பருந்தாகத்தான் இருக்கும். ஊருக்குள் தினமும் வட்டமடிக்கிற கரும்பருந்தின் அளவுதான் இதுவும். ஆனால் வால் பிளந்திருக்காது. அகலமான கறுப்புப் பட்டைகள் தெரியும். கழுத்து சற்று நீளம், தலை சிறியது. நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. ஏறக்குறைய வெள்ளையாகவும் இருக்கும், கரும்பழுப்பாகவும் இருக்கும். அனுபவம் உள்ளவர்களே குழம்பிப் போவார்கள்.

பெயரில் தேன் இருந்தாலும் இது தேடி வருவது ராட்டில், அதாவது தேனடையில், இருக்கும் தேனீப் புழுவையும் கூட்டுப்புழுவையும்தான். குளவிக் கூட்டையும் விடாது. அந்த வேலைக்கென்றே அமைந்த உடம்பு இதற்கு. மற்ற பருந்துகளுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் இடையே மெல்லிய மயிர் போன்ற இறகுகள் இருக்கும். இதற்கு அந்த இடத்தில் மீன் செதிலைப் போல் அடுக்கிய கெட்டியான சிறு இறகுகள். கொடுக்கு எளிதில் இறங்காது. மூக்குத் துளை வெறும் கீறல். கால்களில் தடித்த செதில்கள். நகங்களில் அதிக வளைவு இல்லாததால் கிளறவும் தோண்டவும் வசதி. தவளை, ஓணான், சிறு பறவைகளின் குஞ்சுகள் என்று சில சமயம் பிடித்துத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் கோழிக்குஞ்சு காணாமல் போனதும் இதன் மேல் பழி போடுவது அநியாயம்.

வேட்டையாடும் விதமும் தனி. மேலேயிருந்து பாய்ந்து இரையை அடிக்கும் அவசரம் இதற்குக் கிடையாது. ஒரு கிளையில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவில் இருக்கும் இதன் உறவுப் பறவை, குளவிகள் பறந்து போகும் திசையைக் கவனித்தே மண்ணுக்குள் உள்ள கூட்டைக் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்துவிடும்.

மலைத்தேனீயின் கூட்டில் இது வேட்டையாடுவதை எங்கள் பக்கத்தில் ஓர் இலவமரத்தில் பார்த்திருக்கிறேன். மலைத்தேனீ ஒரே ஒரு பெரிய ராட்டைத்தான் கட்டும், அதுவும் திறந்த வெளியில். மேலே கிளையை ஒட்டிய பகுதியில் தேன், கீழே புழு. முழு ராட்டையும் தேனீக்களே போர்த்தி மூடியிருக்கும். பருந்து நெருங்கியதும் அந்தப் போர்வை முழுவதும் அலை அலையாகச் சிலிர்த்தது. பருந்து ஒரு முறை காலால் அடித்துவிட்டு விலகிப் பறந்தது. பெரிய கூட்டம் ஒன்று துரத்திக்கொண்டு போனது. அவற்றை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய், வேறு பக்கமாகத் தாழப் பறந்து திரும்பி வந்து, புழுப் பகுதியில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துப் புளியமரத்துக்குப் போய்விட்டது. முதுகில் தேனீக்கள் ஊர, தலையை ஓர் உதறு உதறிவிட்டு, ஒவ்வோர் அறையாக அலகை விட்டு வெள்ளைப் புழுக்களை எடுத்துத் தின்றது. வெறும் மெழுகு கீழே உதிர்ந்துகொண்டிருந்தது.

தைவானில் தேனீ வளர்ப்பவர்கள் பூ கிடைக்காத மாதங்களில் பெட்டிகளுக்கு மகரந்தமும் சோயா மாவும் சர்க்கரையும் கலந்த உருண்டைகளை வைப்பார்கள். தேன் பருந்துகள் அதையும் தின்ன வருகின்றன. உருண்டைகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. மகரந்தம் கலந்த உருண்டையையே அவை தேர்ந்தெடுத்தன. கண்ணோடு மூக்கையும் பயன்படுத்தி இரை தேடுகின்றன என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஜப்பானில் கூடு கட்டும் தேன் பருந்துகள் கடலைத் தாண்டிச் சீனா, மலாய் தீபகற்பம் வழியாக இந்தோனேசியா வரை போவதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆண்டு முழுதும் தங்குபவையும் உண்டு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவையும் உண்டு.

சரி, கொட்டு வாங்கியவர்களின் கதி? அந்த வலியை நான் சிறிதாக நினைக்கவில்லை. மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகலாம். அதனால்தான் பறவையின் பழக்கத்தை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். கூட்டருகே ஒரு பருந்து திரும்பத் திரும்ப வந்து அடிப்பதைப் பார்த்தால் அண்ணாந்து நிற்கக் கூடாது, செல்போனில் படம் எடுக்கவும் கூடாது. உடனே கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கொட்டிய இடத்தில் படியும் வாசனை மற்ற தேனீக்களையும் அங்கேயே வரவழைக்கும். நின்று அடித்து நசுக்கினால் நிலைமை மோசமாகும்.

அப்புறம், கொளுத்துகிற வழக்கம். மலைத்தேனீ ஓர் இடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்காது. பூக்கும் காலத்தில் வந்து கட்டும். சில மாதங்களில் தானே கிளம்பிவிடும். அப்பார்ட்மென்ட் வாட்டர் டேங்குக்கு அடியில், ஆள் நடமாட்டமே இல்லாத உயரத்தில் இருக்கும் கூட்டுக்குக்கூட இரவில் தீப்பந்தம் பிடிக்கிறோம், இல்லையென்றால் பூச்சிமருந்து அடிக்கிறோம். மருந்து பட்ட ராட்டைப் பருந்து பிய்த்துப் போனால் விஷம் அதற்கும்தான். தேன் பருந்து பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். புழு நிறைந்த ராட்டுத் துண்டைக் காலில் தூக்கிக்கொண்டு போய்த்தான் குஞ்சுக்கு ஊட்டும். ராட்டே இல்லாமல் செய்துவிட்டால் அந்தக் குஞ்சு எதைத் தின்னும்?

பள்ளி வாசலிலோ மருத்துவமனை ஜன்னலிலோ கூடு இருந்தால் அகற்றித்தான் ஆக வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதற்கு விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழனி மலையின் பளியர்களும் நீலகிரியின் குறும்பர்களும் தலைமுறை தலைமுறையாகப் புகை போட்டே தேன் எடுத்து வருகிறவர்கள். உள்ளாட்சி அமைப்புகள் அவர்களைக் கூலி கொடுத்து அழைக்கலாம், தம் ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் கேட்கலாம்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, அது தேன் பருந்தா என்று வனத்துறையிடம் நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும். கூட்டருகே பருந்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தச் செய்தியோடு சேர்த்து நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பழனி.