சிவப்புக் கோடு யாருக்குத் தெரியும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு இணையதளங்கள் ஏன் இப்படிப் படுத்துகின்றன என்று சென்ற இதழ்க் கட்டுரையில் கேட்டிருந்தீர்கள். திட்டு வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். ஓர் அரசுத் துறையில் டிசைனராக இருக்கிறேன். துறைக்கே ஒரே ஆள். பக்கத்து இருக்கைக்காரர்களைப் பொறுத்தவரை என் வேலை ‘கலர் போடுவது’.

டிசைனர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்கிறது கட்டுரை. பாதிதான் சரி. நிறத்தை மட்டும் நம்பி எதையும் உணர்த்தாதே என்று 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 விதிகளிலேயே (மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச விதிகள்) இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். ஸ்லைடு போட்டுப் பிறருக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் நான் செய்த விண்ணப்பப் படிவத்தில், தவறாக நிரப்பினால் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு வரும். அவ்வளவுதான்.

கணக்குப் பிரிவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் இடைவேளையில் சும்மா வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு படிவத்தை மளமளவென்று நிரப்பினார். ‘சமர்ப்பி’யை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் என் பக்கம் திரும்பி, “போயிடுச்சா சார்?” என்றார். போகவில்லை. பிறந்த ஆண்டை இரண்டே இலக்கத்தில் போட்டிருந்தார். திரையில் சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் அவருடைய ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளுக்குப் படிக்க அங்கே ஒரு சொல்கூட இல்லை.

திருத்த ஒரு வாரம் ஆயிற்று. பிறகுதான் தெரிந்தது, இன்னொரு துறை டிசைனர் இதை எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்: பக்கத்தின் தலையிலேயே பிழைகளை வாக்கியமாக எழுதி, அழுத்தினால் அந்தந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விடும்படி. அவரைத் தெரிந்திருந்தால் எனக்கு அரை நாள் வேலை. பிரிட்டன் அரசு 2018-இல் தன் இணையச் சேவைகளுக்கென்று ஒரு பொது டிசைன் சிஸ்டத்தை, அதாவது எல்லாத் துறைகளும் எடுத்தாளக்கூடிய ஆயத்தப் படிவக் கட்டங்கள், பொத்தான்கள் போன்றவற்றின் தொகுப்பை, வெளியிட்டது. ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத் தேதிக் கட்டம் வரைந்துகொண்டிருக்க வேண்டாமே! அதில் என்னைக் கவர்ந்தது அதன் கணினி நிரல் அல்ல. எந்தத் துறைக்காரரும் “எங்கள் ஆட்களிடம் இது எடுபடவில்லை” என்று அங்கே போய்ச் சொல்லலாம், மற்றவர்கள் வாதிடலாம்.

நாங்கள் நாலு துறை டிசைனர்கள் இப்போது பதினைந்து நாளுக்கொருமுறை கூடி, ஒருவர் அரைகுறையாகச் செய்ததை மற்றவர்கள் பார்த்துக் கிழிக்கிறோம். மேலதிகாரிகள் இதை அரட்டை என்கிறார்கள். அலுவலக நேரத்திலேயே நடத்துகிறோம் என்பது கூடுதல் குற்றம். எந்த வகுப்பிலும் கற்காததை அங்கே கற்றேன்.

ஆனால் அந்த அறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் நல்ல கண், நல்ல போன், ஏறக்குறைய ஒரே மாதிரிப் படிப்பு. பெயருக்கு ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒற்றைப் பெயர்க்காரர்கள் இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துத் தப்பித்ததைப் பின்னால்தான் கவனித்தோம். ஒரே மாதிரி ஆட்கள் எத்தனை பேர் சேர்ந்து பார்த்தாலும் அது ஒருவர் பார்த்ததுதான்.

ஆள் மாறினால் என்ன மாறும் என்பதற்கு 1965-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டன் சாலைப் பலகைகளைச் சொல்வேன். பள்ளிக் குழந்தைகள் கடக்கும் இடத்துக்கான பழைய பலகையில் பையன்தான் சிறுமியை அழைத்துப்போனான். புதிதாக வரைந்தவர் மார்கரெட் கால்வெர்ட் என்ற பெண் டிசைனர். அவர் படத்தில் சிறுமி முன்னே நடக்கிறாள், சின்னப் பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அந்தச் சிறுமி தானேதான் என்று கால்வெர்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

கணக்குப் பிரிவு நண்பரை எங்கள் வேலைக்கு அனுப்பும்படி எழுதிக் கேட்டேன். டிசைன் பட்டம் இல்லை என்று குறிப்பெழுதி கோப்பு திரும்பி வந்துவிட்டது. இடைவேளைகளில் இப்போதும் வந்து பார்த்துக் கொடுக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் அரசுத் துறை டிசைனர்
(பெயர் வெளியிட வேண்டாம்)