அழுகை நின்ற பிறகும் என்னைக் கவனித்தவர்களுக்கு

அம்மா போன பிறகு நான் அழுததைத் தெருவே பார்த்தது. முப்பதாம் நாள் படையலுக்கு அப்புறம் அழுகை நின்றது. "தேறிட்டா" என்று எல்லோரும் நிம்மதியானார்கள். நான் தேறவில்லை என்று கண்டுகொண்டவர் எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்காதான்.

அக்கா, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே நான் வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்தீர்கள். மேசையில் திருத்தாத நோட்டுகள் சேர்ந்துகொண்டே போனதையும் பார்த்தீர்கள். "டீச்சர், அம்மாவ நெனச்சு அழுதா பரவாயில்ல. நீங்க அழறதும் இல்ல, சிரிக்கறதும் இல்ல. டாக்டரைப் பார்ப்போம் வாங்க" என்றீர்கள். துக்கம் என்றால் வந்து வந்து போகும். அம்மாவின் பேச்சு ஏதாவது நினைவுக்கு வந்து நடுவில் சிரிப்பும் வரும். எனக்கு அதுவும் நின்று, விடியுமுன்பே விழிப்பு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற ஒரே நினைப்பு. வாரக்கணக்கில்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா, சத்து ஊசி போட்டு அனுப்பிவிடாமல் உட்கார வைத்துக் கேட்டீர்களே, அதற்கு நன்றி. ரத்தசோகை, தைராய்டு கோளாறாலும் இப்படிச் சோர்வு வரலாம் என்று பரிசோதனை எழுதினீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இதே நிலை என்றால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் சீட்டு கொடுத்தீர்கள்.

அங்கே மனநல மருத்துவர் "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி. கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கோ, யாராவது கேட்ட பிறகுதான் அதை வாய்விட்டுச் சொல்லவே முடிந்தது. டாக்டர், மாத்திரை பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் குமட்டலாம், சரியாகிவிட்டது என்று நானாக நிறுத்தக் கூடாது என்றெல்லாம் முன்பே சொல்லி வைத்தீர்கள். அந்தப் பேச்சு இல்லையென்றால் முதல் வாரமே தூக்கிப் போட்டிருப்பேன்.

காத்து கருப்பு, மந்திரிக்கணும் என்று வந்தவர்களுக்கு வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிய என் மாமியாருக்கும், தினமும் மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு நிற்கும் என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

மருந்து இன்னும் தொடர்கிறது. மனநலப் பிரிவுக்குத் தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், ஓ.பி. சீட்டு வாங்குவதிலிருந்து கூட இருக்கிறேன். ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.