மெஹருவுக்கு: ரெண்டு முட்டியும் ஒரே நாளிலா?

மதுரை
ஜூலை 9

அன்புள்ள மெஹரு,

நான் நலம். நீயும் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே. சம்பிரதாயம் முடிந்தது, இனி திட்டு.

ஐந்து மாசமாக நான் போனில் சரியாகப் பேசவில்லை என்று ஸ்டெல்லாவிடம் குறைப்பட்டாயாமே. காரணத்தை இப்போது சொல்கிறேன். பிப்ரவரியில் எனக்கு வலது முட்டியை மாற்றினார்கள். உன்னிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் காலை அல்வாவைக் கட்டிக்கொண்டு, உன் நொண்டிக் காலோடு ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறியிருப்பாய். அப்புறம் பக்கத்துக் கட்டிலில் உன்னைப் போட வேண்டியிருக்கும். சரி, மறைத்தது என் தப்புதான்.

ஆனால் நீ மறைத்தது அதைவிடப் பெரிசு. உங்கள் தெருவில் நடந்த இலவச முகாமுக்குப் போனாயாம். ரெண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது என்றார்களாம். ரெண்டையும் ஒரே நாளில் செய்தால் நாற்பதாயிரம் குறையும் என்றதும் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தாயாம். தீபாவளிச் சேலையா வாங்குகிறாய், ஒன்றோடு ஒன்று தள்ளுபடி பார்க்க? கடிதமாக எழுதுவதே இதற்காகத்தான். போனில் என்றால், நாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த பழக்கத்தில் மூன்றாவது நிமிஷம் “எக்ஸ்டெண்ட் பண்ணவா மேடம்” என்று ஆரம்பித்துவிடுவாய்.

முதலில் என் கதை. போன வருஷம் சித்திரையில் காரைக்குடியில் நாத்தனார் பேத்தி கல்யாணம். பழைய வீடு, தரையில் பந்தி. பாயசம் வரைக்கும் சுகம். எழுந்திருக்கப் போனால் கால் வரவில்லை. பக்கத்து இலைக்காரி ஒரு கை, சாம்பார் வாளிப் பையன் ஒரு கை என்று தூக்கி நிறுத்தினார்கள். வீடியோக்காரன் அந்த நேரம் பார்த்துத்தானா விளக்கைத் திருப்ப வேண்டும்? ஆல்பத்தில் பெண் மாப்பிள்ளையைவிட நான் தெளிவாக இருக்கிறேன்.

அதற்குமுன் பார்க்காத வைத்தியம் இல்லை. எண்ணெய், ஒத்தடம், முட்டிப் பட்டை. ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், ஆறு வாரம் சொர்க்கம், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. பிறகு ஜெல் ஊசி என்று ஒன்று. காசு போனதுதான் தெரிந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “ரெண்டும் போச்சும்மா, செவ்வாய்க்கிழமை அட்மிட் ஆயிடுங்க.” பெண் பார்க்க வந்து ஜாதகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போன மாதிரி.

நல்லவேளை, தம்பி வேறொருவரிடம் கூட்டிப்போனான். அவர் எக்ஸ்ரேயைத் தொடவே இல்லை, முதலில் நடக்கச் சொன்னார். எவ்வளவு தூரம் நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது, ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறதா, படி இறங்கும்போதா ஏறும்போதா என்று கேட்டார். இடுப்பை மடக்கித் திருப்பிப் பார்த்தார். முட்டிக்கு வந்தால் இடுப்பை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குச் சிரிப்பு. இடுப்பு மூட்டு கெட்டுப்போனாலும் சிலருக்கு வலி முட்டியில்தான் தெரியுமாம். ஒரு லைன் பேச்சு இன்னொரு லைனில் கேட்குமே, நம் பாஷையில் கிராஸ் டாக்!

பிறகு நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே. இதை நன்றாகக் கேட்டுக்கொள் மெஹரு. படுத்திருந்தால் உடம்புப் பாரம் இறங்காது, எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி இருப்பதுபோல் தெரியும். நின்றால்தான் குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். எனக்கு வலதில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. இடதில் தேய்மானம் இருக்கிறது, ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. “ரெண்டும் போச்சு” என்றாரே அந்த மகராசன், அந்த இடது காலை இன்னும் கத்தி தொடவில்லை. மூன்று மாசம் தொடைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ண வேண்டும், கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். ஆறு கிலோ இறங்கினேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் நாலு கிலோ பாரம் குறையுமாம். அல்வாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீயே புரிந்துகொள்.

முட்டியில் சின்னத் துவாரம் போட்டு உள்ளே கழுவிவிட்டால் போதாதா என்று கேட்டேன், நம் பங்கஜம் மேடம் அப்படித்தானே செய்துகொண்டார்கள். டாக்டர் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானக்காரர்கள் 180 பேரைப் பிரித்து, சிலருக்கு நிஜமாகவே உள்ளே கழுவினார்களாம், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்களாம். ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ரெண்டு கூட்டத்துக்கும் வலி ஒரே மாதிரி! 2002-ல் வந்த ஆராய்ச்சி. மேடத்திடம் இதைச் சொல்லித் தொலைக்காதே.

முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, நடுவில் இருக்கும் நார்களெல்லாம் கெட்டியாக இருந்தால் அந்தப் பாதியை மட்டும் மாற்றலாமாம். சின்னக் காயம், சீக்கிரம் நடக்கலாம், ஆனால் பின்னால் மறுபடி திறக்க வேண்டிய வாய்ப்பு முழு மாற்றைவிட அதிகம். நாற்பது ஐம்பது வயதில் கால் வில்லாக வளைந்தவர்களுக்குக் காலெலும்பை வெட்டி நிமிர்த்திப் பிளேட் வைத்து, பாரத்தை நல்ல பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தம்பியின் மைத்துனனுக்கு அதுதான் செய்தது. எனக்கு 66 வயது, வலது முட்டி எல்லாப் பக்கமும் போயிருந்தது, அதனால் முழு மாற்று.

“மாற்று” என்றதும் முட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வேறு வைப்பார்கள் என்றுதானே நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நானும் அப்படித்தான் பயந்தேன். எலும்பு முனைகளை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டு, பல்லுக்குத் தொப்பி போடுவதுபோல் உலோகத் தொப்பி மாட்டுகிறார்கள். மேலே கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை, கீழே ஒரு தட்டு, நடுவில் வழுவழுவென்று பிளாஸ்டிக். தேய்வது அந்தப் பிளாஸ்டிக்தான். இடுப்பு மூட்டுக்கு இந்த முறையைக் கொண்டுவந்த ஜான் சார்ன்லி என்ற இங்கிலாந்து டாக்டர் முதலில் டெஃப்லானை வைத்தாராம், நம் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்குமே அதே சாமான். சில வருஷத்தில் அது தேய்ந்து துகள் துகளாகிப் பல பேருக்குக் கெட்டுப்போனது. அந்த டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஏற்றிக்கொண்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தாராம் மனுஷன். 1962-ல் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார், இன்றைக்கும் அந்த வழிதான். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஆள்மேல் ஒரு மரியாதை.

ஆபரேஷன் அன்றைக்கு முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரம். அரைத் தூக்கத்தில் காதில் விழுந்ததெல்லாம் தச்சுப்பட்டறைச் சத்தம். ரம்பம், சுத்தியல், நடுவில் யாரோ “இன்னும் ரெண்டு மில்லிமீட்டர்” என்கிறார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அழுதேன், ஒளிக்கவில்லை. அண்ணி பாசமாக முட்டிக்கு அடியில் தலையணை வைத்தாள், பிசியோ பையன் பார்த்துவிட்டுப் பிடுங்கி எறிந்தான். தலையணை வைத்தால் அந்த நேரத்துக்குச் சுகம், முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். நீட்டுவதும் முக்கியம், மடக்குவதும் முக்கியம். ரெண்டு வாரத்தில் 90 டிகிரி வந்தது, இப்போது 118. தினமும் ஸ்கேல் வைத்து அளப்பான் அந்தப் பிள்ளை, எக்ஸ்சேஞ்சில் கால் எண்ணிக்கை எடுப்பார்களே அதுமாதிரி. டாக்டருக்கு ஒன்றரை மணி நேர வேலை, நமக்கு மூன்று மாசம். அதை எந்த முகாமிலும் சொல்வதில்லை.

இப்போது ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நடக்கிறேன். ராத்திரி தூங்குகிறேன். தழும்புக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்திருக்கிறது, நடந்தால் சில நேரம் “டக்” என்று சத்தம். ரெண்டும் வழக்கம்தானாம். ஆனால் தரையில் உட்கார முடியாது மெஹரு. மார்கழிக் கோலத்துக்கு இனி மருமகள்தான். கொஞ்சம் வருத்தம் உண்டு.

உனக்கு இது கோலத்தோடு போகாது என்று தெரியும். தொழுகையில் அப்படி மண்டியிட்டு உட்கார முட்டி கிட்டத்தட்ட முழுக்க மடங்க வேண்டும், 150 டிகிரிக்குப் பக்கம். மாற்றின முட்டி பலருக்கு 120-ஐத் தாண்டாது. ஆபரேஷன் ஆனால் பழையபடி நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்யலாம் என்று முகாமில் யாரோ சொன்னார்களாமே. என் டாக்டரிடம் உன் பெயர் சொல்லாமல் கேட்டேன், நாற்காலியில்தான் தொழ வேண்டியிருக்கும் என்று முன்னாலேயே மனசைத் தயார் செய்துகொள்ளச் சொன்னார். நாற்காலியில் தொழுதாலும் ஏற்கும் என்று உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதாக நீதான் ஒருமுறை சொன்னாய். அவரிடமே மறுபடி கேள். இது தெரிந்து சரியென்று போவது வேறு, போய்விட்டு வந்து அழுவது வேறு.

ஸ்டெல்லாவையும் மறக்காதே. அவளுக்கு ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, எக்ஸ்ரே அழகாக இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை. ஐந்து பேரில் ஒருவர் வரைக்கும் இப்படித் திருப்தியில்லாமல் இருப்பதுண்டாம். இன்னொரு பக்கம், முழு முட்டி மாற்று நூற்றுக்கு 82 பேருக்கு 25 வருஷம் தாங்குகிறது என்று 2019-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்த கணக்கு சொல்கிறது. ரெண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உனக்குப் போன நவம்பரில்தான் இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். முகாமில் அதைச் சொன்னாயா? ஸ்டெல்லா உன்னிடம் கேட்டாளாம், “அவங்க கேக்கல, நான் சொல்லல” என்றாயாம். அதைக் கேட்டு எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ரெண்டு முட்டியும் ஒரே நாளில் செய்தால் ரத்த இழப்பு அதிகம், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை அதிகம். எங்கள் தெரு டீச்சர் செய்துகொண்டாள், ஜம்மென்று நடக்கிறாள், ஆனால் அவளுக்கு 58 வயது, மாத்திரை டப்பாவே கிடையாது. உனக்கு எத்தனை டப்பா? ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ரத்தம் உறையாத மாத்திரையை ஆபரேஷனுக்காக நிறுத்த வேண்டிவரலாம். எப்போது நிறுத்தலாம், நிறுத்தலாமா கூடாதா என்று உன் இதய டாக்டர் மட்டும்தான் சொல்ல வேண்டும். நீயாக நிறுத்தினால், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால், முட்டியை வைத்து என்ன செய்வது?

சர்க்கரையும் அப்படித்தான். மூன்று மாசச் சராசரிச் சர்க்கரை (HbA1c) ஒன்பதுக்கு மேல் என்று ரம்ஜானுக்கு நீயே சொன்னாய். அது இறங்காமல் என் டாக்டர் கத்தியையே எடுக்க மாட்டார். சர்க்கரை ஏறியிருந்தால் கிருமி தொற்றுவது சுலபம். உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்தால் மட்டும் போவது கஷ்டம், சில நேரம் எல்லாவற்றையும் கழற்றி, ஆறு வாரம் போல மருந்து கொடுத்து, மறுபடி வைக்க வேண்டும். சொத்தைப் பல்லைக்கூட முன்னாலேயே பார்க்கச் சொன்னார்கள்.

வாஜ்பாய்க்கு மும்பையில் முட்டி மாற்றினார்களே, பேப்பரெல்லாம் அதுதான், ஞாபகம் இருக்கிறதா? நியூயார்க்கிலிருந்து டாக்டர் ரணாவத் வந்து செய்தார். 2000 அக்டோபரில் இடது, வலது அடுத்த வருஷம் ஜூனில். நாட்டுக்குப் பிரதமர், கேட்டது கிடைக்கும், அவருக்கே ஒன்று ஒன்றாகத்தான்.

பணம்தான் காரணம் என்றால் அதையும் கேள். 2017 ஆகஸ்டில் அரசாங்கம் முட்டிச் சாமானுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் முழு செட் அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது சாமானில் ஏற்ற முடியாததை ரூம், தியேட்டர், ரோபோ என்று மற்றதில் ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான ரோபோ தானாக அறுப்பதில்லை, வெட்டும் அளவைத் துல்லியமாகக் காட்டிக் கையைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். எதுவானாலும் பொறுப்பு டாக்டருடையதுதான். அதனால் அந்த நாற்காலியில் இருப்பவர் வருஷத்துக்கு எத்தனை முட்டி செய்கிறார் என்று கேள். பில்லைப் பிரித்துக் கேள். உள்ளே வைத்த சாமானின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டச் சொல்லி வாங்கு. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் போகாதே.

மக்காவுக்கு உம்ரா யாத்திரை ரமலானுக்குப் போயே ஆக வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஸஃபா மர்வா குன்றுகளுக்கு நடுவில் ஏழு தடவை என்றால் மூன்று கிலோமீட்டர் போல, கஅபாவைச் சுற்றும் தவாஃப் தனி. ஆனால் இன்னும் ஏழு மாசம்தான் இருக்கிறது. ஸ்டென்ட்டுக்கு ஒரு வருஷம் ஆகவே நவம்பர் வரும். அதற்கப்புறம் ஒரு முட்டி செய்து தேறி, அந்தக் கூட்டத்தில் நடக்க ஆறு மாசமாவது வேண்டும். அங்கே மேல் தளத்தில் மின்சார வண்டி ஓடுகிறது, சக்கர நாற்காலி இருக்கிறது. இந்த ரமலானுக்கு அதில் போய்விட்டு வா. இல்லையென்றால் அடுத்த வருஷம் நடந்து போ. முதலில் அதிகம் வலிக்கிற ஒன்றைச் செய்துகொள். ஒரு கால் நிமிர்ந்தால் இன்னொன்று சில சமயம் அடங்கிவிடுகிறது, என் இடது முட்டி அப்படித்தான் இருக்கிறது.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தால் மருமகனிடம் சொல். அவருக்கும் வெட்கமாக இருந்தால் நான் வந்து கேட்கிறேன். நைட் டூட்டியில் எத்தனை சண்டைக்காரர்களைச் சமாளித்திருக்கிறோம்!

வருகிற 19-ந் தேதி சனிக்கிழமை மத்தியானம் மேலப்பாளையம் வருகிறேன். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, ஸ்டென்ட் சீட்டு, சர்க்கரை ரிப்போர்ட் மூன்றையும் எடுத்து வை. உட்கார உயரமான நாற்காலி ஒன்று போட்டுவை, உன் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்தால் என்னைத் தூக்க மூன்று பேர் வேண்டும்.

இப்படிக்கு,
உன் சரசு

பி.கு. வாக்கரையும் கொண்டு வருகிறேன், பேரன்களை அதில் தொங்கவிடாதே. நீ என்னைவிடக் குள்ளம், ரெண்டு துளை இறக்கி வைத்திருக்கிறேன்.