காணாமற்போனவரின் கையொப்பம்
இலங்கை நீதி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம், 2023

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

போரும் இடப்பெயர்வும் எங்கள் குடும்பங்களை என்ன செய்தன என்று வடக்கில் ஊர் ஊராகக் கேட்டு எழுதிவரும் மானிடவியல் ஆய்வாளர் என்ற முறையில் ஒன்றை வேண்டுகிறேன். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்னும் 1911ஆம் ஆண்டுச் சட்டவிதியை நீக்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுகிறார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பல பெண்கள் நகையோடு சேர்த்து எடுத்துப் போனது அந்தச் சீதன உறுதிப் பத்திரத்தைத்தான். நான் சந்தித்த தாய் ஒருவர் தன் உறுதியைச் சொப்பிங் பையொன்றில், மடிப்பு மடிப்பாகக் கிழிந்த நிலையில், இன்னும் வைத்திருக்கிறார். அதை மகளுக்கு எழுதிக் கொடுக்க உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனால், போரின் இறுதி நாட்களில், 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் கடைசியாகக் கண்ட கணவரின் கையொப்பத்தைக் கேட்கிறார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்றும் சொன்னார்களாம். "அவர் செத்திட்டார் எண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?" என்று கேட்ட அவருடைய நெற்றியில் குங்குமம் இருந்தது. எங்கள் சமூகத்தில் மரணச் சான்றிதழ் எடுத்து அந்தப் பொட்டை அழிப்பது வெறும் படிவ வேலை அல்ல. கணவர் இறந்துவிட்டார் என்று ஊருக்கு மனைவியே அறிவிப்பதற்கு அது சமம்.

கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்பது உண்மைதான். கூலி வேலைக்குப் போகும் பெண் அந்தத் தவணைகளுக்கு எத்தனை நாள் சம்பளத்தை இழப்பார்? மனைவியைத் தொலைத்த ஆணுக்கோ, தன் காணியை விற்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மரபில் கைவைக்கலாமா என்று எங்களவரே சிலர் கேட்பார்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமை அன்றிருந்தபடியே இன்றும் இல்லை. திருமண காலத்தில் ஈட்டிய சொத்தான தேடியதேட்டம் பற்றிய பிரிவுகள் 1947இல் திருத்தப்பட்டன, மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. அரச காணி உத்தரவுப்பத்திரங்களின் வாரிசுரிமையில் மகனுக்கு இருந்த முன்னுரிமையும் 2022இல் நீக்கப்பட்டது. உண்மையில் இன்று மரபுக்குக் குறுக்கே நிற்பது இந்தச் சம்மத விதிதான்: தாயிடமிருந்து மகளுக்குப் போகவேண்டிய வீடு, வராத ஒருவரின் கையொப்பத்துக்காகக் கிடக்கிறது.

திருத்தச் சட்டமூலம் வரும்வரை, காணாமற்போனோரின் மனைவியர் தொடுக்கும் இத்தகைய விண்ணப்பங்களுக்கு அரச செலவில் சட்ட உதவி கிடைக்கவாவது ஒழுங்கு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மானிடவியல் ஆய்வாளர் ஒருவர்