பெட்டியில் இல்லாத ஒரு தேதி: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு,
புது தில்லி.

பொருள்: கைப்பேசிப் பெட்டிகளில் பாதுகாப்புப் புதுப்பிப்பு முடியும் மாதத்தையும் ஆண்டையும் அச்சிடச் செய்யுமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரில் ஒரு நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதுபவன் நான். சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் என் மனைவிக்குக் கைப்பேசி வாங்கக் காந்திஜி சாலையில் உள்ள ஒரு கடைக்குப் போயிருந்தேன். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கைப்பேசி என்பது அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை. அது எனக்கு மூன்று நாள் வேலையானது. அந்த மூன்று நாளும் நான் தேடியது ஒரே ஒரு தேதியைத்தான்: கைப்பேசியின் மென்பொருளில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அனுப்பும் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தோடு நிற்கும் என்ற தேதி. அதைப் பெட்டியில் அச்சிடச் செய்யும் அதிகாரம் தங்கள் துறையிடம் இருப்பதால் இம்மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். தையற்கூலியில் பெரும்பகுதி யுபிஐ வழியாகத்தான் வருகிறது. சீட்டுப் பணம் போவதும், எரிவாயுவுக்குப் பதிவு செய்வதும், பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும் அதே கைப்பேசியில்தான். 2020-இல் வாங்கிய பழைய கைப்பேசி ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அமைப்புகளுக்குள் சென்று பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற வரியைத் தொட்டுப் பார்த்தால், 2022 ஆகஸ்ட் 5 என்ற தேதியோடு நின்றிருந்தது. அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, பூட்டு பழுதான பெட்டியில் பணம் போட்டு எடுத்திருக்கிறோம். வங்கியின் செயலி ஒருநாள் ‘இந்தச் சாதனத்தில் இனி இயங்காது’ என்று சொன்ன பிறகுதான் அந்த வரியை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடையில் இரண்டு கைப்பேசிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று 14,499 ரூபாய், ஆண்ட்ராய்டு 15. மற்றொன்று 13,999 ரூபாய், ஆண்ட்ராய்டு 14. “இது புதுசு சார், அது போன வருஷத்து மாடல், 14தான்” என்றார் விற்பனையாளர். அவர் மீது குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த அட்டையில் அந்த எண் மட்டும்தான் இருந்தது. இரண்டிலும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேட்டேன். “அதெல்லாம் வரும் சார், வாட்ஸ்அப் நல்லா ஓடும்” என்றார். வாட்ஸ்அப் ஓடுவதை அளவுகோலாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. 2013-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4-ஐ வாட்ஸ்அப் கைவிட்டது 2025 ஜனவரி 1 அன்றுதான். ஒரு செயலி ஓடுகிறது என்பதனால் அந்தக் கைப்பேசி பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். அதிகபட்ச சில்லறை விலை இருந்தது. தயாரித்த மாதமும் ஆண்டும் இருந்தன. உள்ளே இருப்பது ஒரே ஒரு கைப்பேசிதான் என்று தெரிவிக்கும் நிகர அளவும் இருந்தது. பெட்டிக்குள் இரண்டு இருக்குமோ என்று எவரும் ஐயுறப் போவதில்லை என்றாலும் விதி கேட்கிறது, அச்சிடுகிறார்கள். உடல் எவ்வளவு கதிர்வீச்சை உட்கொள்ளும் என்ற அளவு இருந்தது. நுகர்வோர் குறைதீர்ப்பு முகவரி, இறக்குமதி விவரம், கைப்பேசியை அடையாளம் காட்டும் இரண்டு ஐஎம்இஐ எண்கள் எல்லாம் இருந்தன. இந்தப் பொருள் எந்த மாதம் வரை காக்கப்படும் என்ற ஒரு விவரம் மட்டும் இரண்டு பெட்டிகளிலும் இல்லை.

வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நிறுவனங்களின் இந்திய இணையப் பக்கங்களிலும் அந்த மாடல்களுக்குரிய இறுதித் தேதி எனக்குக் கிடைக்கவில்லை. அறிமுகத்தின்போது வெளியிட்ட அறிக்கைகளில் ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தது. அதை வைத்து ஆலைக் கணக்கு எழுதும் அதே தாளில் ஒரு கணக்குப் போட்டேன். தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டு 15-உடன் வந்த கைப்பேசி 2025 ஜனவரியில் அறிமுகமானது. அதற்கு இரண்டு இயங்குதள மேம்பாடும் (அதாவது ஆண்ட்ராய்டின் அடுத்த எண்ணுக்கு இரண்டு முறை மாறுவதும்) மூன்று ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் என்று வாக்களித்திருந்தார்கள். எனவே அது 17 வரை போகும், 2028 ஜனவரியோடு நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 14-உடன் வந்தது 2024 மார்ச்சில் அறிமுகமானது. அதற்கு நான்கு மேம்பாடு, ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு. எனவே அது 18 வரை போகும், 2029 மார்ச் வரை நிற்கும். நான் வாங்கப் போன 2025 அக்டோபரிலிருந்து எண்ணினால் ‘புதியது’ 27 மாதம், ‘பழையது’ 41 மாதம். விலையை மாதத்தால் வகுத்தால் புதியதற்கு மாதம் 537 ரூபாய், பழையதற்கு 341 ரூபாய். கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் பதினான்கு மாதத்தை இழக்கும் பேரத்தைத்தான் கடையில் எனக்கு முதலில் நீட்டினார்கள். விற்றவருக்கும் அது தெரியாது, வாங்கப் போன எனக்கும் தெரியாது.

புதிய இயங்குதளத்தால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் பி.எம். கிசான் என்றும் பெயரிட்டு வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகளால் பணத்தை இழந்தவர்கள் பலர். அப்படி வெளியிலிருந்து நிறுவப்படும் செயலி, திரையில் உள்ளதைப் படிக்கும் அனுமதியை எளிதில் பெற முடியாதபடி ஒரு தடை ஆண்ட்ராய்டு 13-இல் வந்தது. ஆண்ட்ராய்டு 10 வைத்திருந்த என் மனைவிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே எண் கூடுவதில் பொருள் உண்டு. ஆனால் பெட்டி மீது ஒட்டியிருக்கும் எண் அந்தக் கைப்பேசி எங்கிருந்து புறப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறது, எதுவரை போகும் என்பதைச் சொல்வதில்லை. 15 ஏற்கெனவே வெளிவந்துவிட்ட பிறகும் 14-உடன் ஒரு மாடலை அறிமுகம் செய்து, ‘இரண்டு மேம்பாடு உண்டு’ என்று விளம்பரம் செய்தால், அவற்றில் ஒன்று மற்றவர்கள் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்கே செலவாகிவிடுகிறது. இதை நுகர்வோர் எப்படிக் கண்டுகொள்வார்?

இன்னொரு மயக்கம், ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது. வாங்குபவர் தாம் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுகிறார். நிறுவனமோ உலகில் எங்கோ ஓர் அரங்கில் அதை அறிமுகம் செய்த நாளிலிருந்து எண்ணுகிறது. விற்காமல் கிடந்து, விலை குறைக்கப்பட்டு, ஒன்றரை ஆண்டு கழித்துச் சிறு நகரங்களுக்கு வந்து சேரும் கைப்பேசியை வாங்குபவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தாம். எங்களுக்கு வந்து சேரும்போது அந்த மூன்று ஆண்டில் பாதி கடையின் கண்ணாடி அலமாரியிலேயே கழிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு எரிவாயு உருளை வரும்போதெல்லாம் என் மனைவி ஒரு காரியம் செய்வார். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் குனிந்து பார்த்து, அங்கே எழுதியிருக்கும் ஓர் எழுத்தையும் இரண்டு இலக்கங்களையும் படிப்பார். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, இப்படி டி வரை. பக்கத்தில் இருப்பது ஆண்டு. அடுத்த சோதனைக்கு உருளை எப்போது போக வேண்டும் என்பதற்கான குறி அது. கெடு கடந்த உருளையை ஒருமுறை அவர் திருப்பி அனுப்பியும் இருக்கிறார். கொண்டுவந்தவர் முணுமுணுத்தாலும் வேறு உருளை கொடுத்துவிட்டுத்தான் போனார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரால் ஒரு பொருளின் கெடுவைப் பார்த்து, இது வேண்டாம் என்று சொல்ல முடிந்ததென்றால், அந்தக் கெடு பொருளின் மீதே எழுதப்பட்டிருந்ததுதான் காரணம். அதே கையில் கைப்பேசிப் பெட்டியைக் கொடுத்தால் அவர் எதைப் பார்த்துச் சொல்வார்?

அரசின் ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியவில்லையோ என்றும் தோன்றுகிறது. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு, ஆண்ட்ராய்டில் கண்டறியப்படும் ஓட்டைகளைப் பட்டியலிட்டு, உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை வெளியிடுகிறது. செய்தித்தாள்களும் அதைப் பெரிதாகப் போடுகின்றன. புதுப்பிப்பே வராத கைப்பேசியை வைத்திருப்பவர் அந்த அறிவுரையைப் படித்துவிட்டு என்ன செய்வது? புதுப்பி என்று மக்களிடம் சொல்லும் அரசு, எதுவரை புதுப்பிப்பு தருவாய் என்று விற்பவரிடமும் கேட்க வேண்டும்.

இது புதிய கோரிக்கை அல்ல. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருள்களைத் தயாரிப்பவர்கள், பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதை இறுதித் தேதியோடு வெளியிட்டாக வேண்டும் என்பது சட்டம். வெளியிட்ட காலத்தைப் பின்னர் குறைக்கவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதி ஐந்து ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அந்த ஐந்தும் அறிமுக நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வருவது நின்ற நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நான் பார்த்த இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு பிரிட்டன் பக்கத்தில் மாதம், ஆண்டு எல்லாம் தெளிவாக இருந்தது. லண்டனில் வாங்குபவருக்குச் சொல்ல முடிந்த தேதியைத் தஞ்சாவூரில் வாங்குபவருக்கு ஏன் சொல்லவில்லை என்றால், இங்கே யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிறுவனங்கள் சொல்லக்கூடிய மறுமொழியையும் யோசித்துப் பார்த்தேன். கூகுள் நிரலைத் தருகிறது, சில்லு செய்பவர் அதைத் தம் சில்லுக்கேற்பத் திருத்தித் தர வேண்டும், அதன் பிறகே நாங்கள் சோதித்து அனுப்ப முடியும், எங்கள் கையில் மட்டும் இல்லாத ஒன்றுக்கு எப்படித் தேதி கொடுப்பது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு என்று அறிவித்தன. முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அவை இங்கே அறிமுகமானபோது முறையே 75,999 ரூபாயும் 79,999 ரூபாயும் ஆனவை என்பதுதான் இடிக்கிறது. விலை மலிவான கைப்பேசிக்கு ஏழு ஆண்டு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டே ஆண்டு என்றாலும் அதை மறைக்காமல் பெட்டியில் எழுதுங்கள், வாங்குவதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

புதுப்பிப்பே வேண்டாம் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெரிய மேம்பாட்டைப் போட்ட மறுநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று சேவை மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். மேம்பாட்டால் வந்ததா, தானாக வந்ததா என்பதை யாரும் சொல்லவில்லை. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு வேறு, முகத்தையே மாற்றும் பெரிய மேம்பாடு வேறு என்பதைப் பெட்டியே பிரித்துச் சொன்னால் அந்த அச்சமும் ஓரளவு குறையும்.

இனி, தங்கள் துறையிடம் உள்ளவை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(9), பொருளின் தரம் பற்றியும் அறிந்துகொள்ளும் உரிமையை எங்களுக்குத் தந்திருக்கிறது. ஒரு பொருளைப் பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்று காட்டும் பழுது நீக்கத் தகுதிக் குறியீடு பற்றி ஆராயத் தங்கள் துறை 2024 செப்டம்பரில் அமைத்த குழு, 2025 மே மாதம் அளித்த அறிக்கையில் ஆறு அளவைகளைச் சொல்கிறது. அவற்றில் மென்பொருள் புதுப்பிப்பும் ஒன்று. அதை வரவேற்கிறேன். எனினும் ஆறு அளவைகளையும் கலந்து ஐந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் கொடுத்தால், திருகாணி எளிதில் கழலும் என்பதற்கான மதிப்பெண் புதுப்பிப்பு வராத குறையை மூடிவிடக்கூடும். தேதி தனியாக நிற்க வேண்டும்.

அதற்குரிய இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பண்டங்கள்) விதிகளின் 6-ஆம் விதிதான் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தயாரித்த மாதமும் ஆண்டும் அதனால்தான் வந்தன. அதற்கு அடுத்த வரியில், ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு முடியும் மாதமும் ஆண்டும்’ என்பதைக் கைப்பேசிகளுக்குக் கட்டாயமாக்குங்கள். மின்வணிகத் தளங்களும் இவ்விவரங்களைக் காட்ட வேண்டும் என்று 2018 ஜனவரி முதல் விதி உள்ளதால், அந்த வரிக்கும் அது பொருந்துமாறு செய்துவிடலாம். தேதியைக் க்யூஆர் குறிக்குள் வைத்துவிடாதீர்கள். பழைய கைப்பேசி பழுதாகிப் புதியது வாங்க வந்திருப்பவர் எதைக் கொண்டு அந்தக் குறியைப் படிப்பார்?

நான் கடைசியில் ஆண்ட்ராய்டு 14 இருந்ததைத்தான் வாங்கினேன். அன்றிரவு வைஃபையில் இணைத்ததும் 15 தானாகவே இறங்கியது. பெட்டியின் ஓரத்தில், தயாரித்த தேதிக்குக் கீழே, ‘மார்ச் 2029’ என்று மார்க்கர் பேனாவால் என் மனைவி எழுதி பீரோவில் வைத்திருக்கிறார்.

விதித் திருத்தத்துக்கான வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும் முடிவுக்குத் துறை வருமாயின், அதைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்ல அறுபது நாளாவது கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கருத்தை அந்தக் கணக்குத் தாளோடு சேர்த்து அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கர் ஒருவர்
தஞ்சாவூர், நவம்பர் 2025