செவ்வாய்க்கிழமை இரவுகளுக்காக ஒரு மனு

கார்டிஃப் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கவுன்சில் டாக்ஸ் நோட்டீஸிலிருந்து குப்பை எடுக்கும் நாள் அட்டவணை வரை நீங்கள் அனுப்பும் எல்லாமே வேல்ஸின் மொழியான வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. மூன்றாவதாக ஒரு மொழியில் கடிதம் வந்தால் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் தமிழில் எழுதுகிறேன். அப்புறம், எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும்.

விஷயம் செவ்வாய்க்கிழமையைப் பற்றியது.

2025 ஜூலையில் ஓவேசிஸ் ராக் குழு பதினாறு வருடம் கழித்து மறுபடி மேடை ஏறியது நம் ஊரில்தான். அந்த வாரம் ஊரே பக்கெட் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தது. முந்தின வருடம் டெய்லர் ஸ்விஃப்ட் வந்தார். பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம் நகரத்தின் நடு மையத்தில் இருப்பதால், ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வாசலுக்குப் போய்விடலாம். அப்படி வசதியான ஸ்டேடியம் உலகத்தில் அதிகம் இல்லை. எல்லாம் சரி, எனக்கும் பெருமைதான். ஆனால் ஓவேசிஸ் பாடியது ஒரு வெள்ளி, ஒரு சனி. நான் கேட்பது நவம்பர் மாதத்து மழைச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்த ஊரில் காது கொடுத்துக் கேட்க என்ன இருக்கிறது என்று.

நான் கேன்டனில் இருக்கிறேன். டாஃப் நதிப் பாலத்தைத் தாண்டி, மதில்மேல் உட்கார்ந்திருக்கும் கல் குரங்கையும் கல் சிங்கத்தையும் கடந்து, கோட்டைக்கு எதிரே திரும்பினால் வோமன்பி தெரு. தெரு என்று சொல்வதே மரியாதைக்குத்தான், சந்து. கிளுப் ஈவோர் பாக் அங்கேதான் இருக்கிறது. 1983-ல் வெல்ஷ் பேசுகிறவர்கள் கூடுவதற்கென்று ஆரம்பித்த இடம். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனபோது, டிரம் வாசிக்கும் பையன் பெரிய டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். படி தெரியாததால் ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. மேலே போனால் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். தரை பிசுபிசுவென்று செருப்பைப் பிடித்து இழுத்தது. பாடகி பாட்டுக்குப் பாட்டு நடுவில் வெல்ஷில் ஏதோ சொல்ல, பாதிப் பேர் சிரித்தார்கள்; பாதிப் பேர் அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இரண்டாவது வகை. பாட்டு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாத மொழியில் பாட்டுக் கேட்பது நமக்குப் புதிதா என்ன? தெலுங்குக் கீர்த்தனை கேட்டு வளர்ந்த காதுதானே. முடிந்ததும் அந்தப் பாடகியே ஒரு பழைய சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு டி-ஷர்ட் விற்றார்.

இந்த ஊருக்கு இசை நகரம் என்று பேர் வாங்கிக்கொடுத்தது இப்படிப்பட்ட அறைகள்தான் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2019-ல் வந்த இசைத் திட்ட அறிக்கை நீங்கள் கேட்டு வாங்கியதுதான். இசை வாரியம் ஒன்றும் அமைத்தீர்கள். காகிதத்தில் குறை இல்லை.

ஈவோர் பாக் யார் என்பது உங்களுக்குத் தெரியும், என் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செங்கெனித் பகுதியின் தலைவர். 1158-ல், தன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட நார்மன் பிரபுவிடம் நியாயம் கேட்க, ராத்திரியோடு ராத்திரியாகக் கார்டிஃப் கோட்டை மதிலில் ஏறி, பிரபுவையும் அவர் மனைவியையும் மகனையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். நிலம் திரும்பி வந்த பிறகுதான் விட்டார். அந்தக் கோட்டைக்கு நேர் எதிரே அவர் பேரில் இன்று பாட்டுக் கூடம் நடக்கிறது. கோட்டை இப்போது உங்கள் சொத்து. பயப்படாதீர்கள், நான் மனுதான் எழுதுகிறேன்.

இனி மூடிப்போன பாட்டுக் கூடங்களின் கணக்கு. பே பகுதியில் பழைய தேவாலயம் ஒன்றில் நடந்துவந்த ‘தி பாயின்ட்’ 2009-ல் மூடியது. பக்கத்தில் புதுக் குடியிருப்புகள் வந்தன, சத்தம் என்று புகார் வந்தது, ஒலித்தடுப்புக்குச் செலவழித்தே அது நொடித்துப்போனது. முதலில் வந்தது பாட்டு, பிறகு வந்தது வீடு. அபராதம் மட்டும் பாட்டுக்கு. 2019 ஜனவரியில் குடிஹூ மூடியது. குடிஹூ என்றால் வெல்ஷில் ஆந்தை. தமிழ்க் காதுக்கு ஒயின் ஷாப் பேர் மாதிரி இருக்கும். பெரிய தப்பும் இல்லை. கில்ஃபோர்ட் கிரசென்டில் பழைய சின்னக் கட்டடங்களின் வரிசை ஒன்றில், பத்தடி தள்ளி நின்றால் பாடகரின் வியர்வை தெரியும் அளவுக்குச் சின்ன இடம். அதைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். அது தனியார் நிலம், உங்கள் கை கட்டப்பட்டிருந்தது என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். வோமன்பி தெருவிலேயே ‘தி மூன்’ 2024 கடைசியில் திடீரென்று கதவைச் சாத்தியது. அடுத்த நாள் கச்சேரிக்கு வந்த குழுக்கள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான், கண்டுபிடிக்கவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் வோமன்பி தெருவைக் காப்பாற்றக் கிளம்பிய இயக்கத்துக்குப் பலன் இருந்தது. பின்னால் வந்து கட்டுகிறவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்ற விதி வேல்ஸின் திட்டமிடல் கொள்கையில் ஏறியது. ‘தி பாயின்ட்’டுக்கு அது பத்து வருடம் தாமதம். ஆனால் விதி சத்தப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். வாடகை, மின்கட்டணம், நாற்பது பேர் வரும் செவ்வாய்க்கிழமை, இதையெல்லாம் எந்த விதியும் பார்த்துக்கொள்ளாது.

இப்போது நெயாத் தேவி சான்ட், அதாவது செயின்ட் டேவிட்ஸ் ஹால். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

1982-ல் திறந்த இந்த ஹால், வேல்ஸின் தேசியக் கச்சேரி அரங்கம். ஏறக்குறைய 2,000 இருக்கை. வெளியிலிருந்து பார்த்தால் அழகி இல்லை. ஹேய்ஸ் தெருவில் கடைகளின் தலைமேல் ஏற்றிவைத்த பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே போய் உட்கார்ந்தால் அந்த நினைப்பு போய்விடும். மேடையைச் சுற்றி வயல் பாத்தி போலப் படிப்படியாக இறங்கும் இருக்கைகள். கடைசி வரிசையிலிருந்து கேட்டாலும் டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி வாத்தியத்தின் ஒரு தட்டு காதுக்குப் பக்கத்தில் விழும். அதே நியாயப்படி, கடைசி வரிசையில் ஒருவர் இருமல் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்தால் முதல் வரிசை திரும்பிப் பார்க்கும். 1983-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உலகப் பாடகர் போட்டி நடந்தது இங்கேதான். 1989-ல் சைபீரியாவிலிருந்து வந்த திமித்ரி ஹ்வொரொஸ்தோவ்ஸ்கியும் வட வேல்ஸ் கிராமத்துப் பையன் பிரின் டெர்வெலும் மோதிய இரவை ஊரில் பெரியவர்கள் இன்னும் கிரிக்கெட் மேட்ச் மாதிரி விவரிக்கிறார்கள். முதல் பரிசு சைபீரியாக்காரருக்கு, தனிப்பாடல் பரிசு நம்மவருக்கு. ‘நம்மவர்’ என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.

2023 செப்டம்பரில் பூட்டினீர்கள். பூட்டியதில் தப்பு சொல்ல மாட்டேன். கூரையில் இருந்தது ராக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கான்கிரீட். ஜல்லி இல்லாமல், அலுமினியப் பொடி போட்டுப் பொங்கவைத்து, அழுத்த ஆவியில் வேகவைப்பது. கிட்டத்தட்ட இட்லி. இட்லியைப் போலவே உள்ளே முழுக்கக் காற்றுத் துளைகள், எடை குறைவு, விலை குறைவு. ஈரம் ஏறினால் முன்னெச்சரிக்கை இல்லாமல் உடையும். 2,000 தலைகளுக்கு மேல் அதை வைத்துக்கொண்டு யாரும் கச்சேரி நடத்த முடியாது.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். முதலில் நான்கு வாரம் என்றீர்கள். நான்கு வாரம் மாதங்களாகி, மாதங்கள் வருடமாயின. ஓவேசிஸுக்காக ஊர் நிரம்பி வழிந்த அந்த ஜூலையிலும் ஹேய்ஸில் அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது. அதன் வாசலில் ஒருவர் கிட்டார் வாசித்துச் சில்லறை சேர்த்துக்கொண்டிருந்தார். 2025-ல் வரவேண்டிய பாடகர் போட்டி வரவில்லை. பிபிசியின் வேல்ஸ் தேசிய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பே பகுதியில் சொந்த வீடாக ஹாடினாட் ஹால் இருக்கிறது, ஆனால் அதில் சுமார் 350 பேர்தான் உட்காரலாம். பெரிய சிம்பொனிக்கு மேடையில் இருப்பவர்களே நூறு பேர்; கேட்பவர்களுக்கு எங்கே இடம்?

அடுத்து, ஹாலை நீண்டகாலக் குத்தகைக்குத் தனியாருக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் நின்று கேட்கும் கச்சேரிகளும் நடக்கும்படி மாற்றம் செய்யும் எண்ணமும் அதில் இருக்கிறது. நின்று கேட்கும் கச்சேரிக்கு நான் எதிரி இல்லை. வோமன்பி தெருவில் நிற்கிறவன்தானே. ஒரு சின்னக் கவலை. அந்த மாதிரி ஹாலில் மெத்தை நாற்காலி என்பது உட்கார மட்டும் இல்லை. ஆள் இல்லாதபோதும் ஓர் ஆள் அளவுக்கு ஒலியைக் குடிக்கும்படி அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால்தான் காலி ஹாலில் ஒத்திகை பார்த்ததும் நிறைந்த ஹாலில் வாசிப்பதும் ஒரே மாதிரி கேட்கும். நாற்காலியை எடுத்தாலும் கூரையை மாற்றினாலும் ஒலி மாறும். நன்றாகவும் மாறலாம், கெட்டும் போகலாம். ஆகவே நான் கேட்பது: பழைய ஹாலின் ஒலி எதிரொலித்து அடங்க எத்தனை வினாடி ஆனது என்ற அளவை வெளியிடுங்கள். வேலை முடிந்த பிறகு அதே இடங்களில் மறுபடி அளந்து அதையும் வெளியிடுங்கள். குத்தகைக்காரருக்கு அந்த எண் ஒரு நிபந்தனையாக இருக்கட்டும். கூரைக்கு இன்ஜினீயர் சான்றிதழ் கேட்கிறோம், காதுக்கும் ஒன்று கேட்பதில் என்ன தப்பு?

பியூட்டவுனில் 15,000 பேருக்கு மேல் கொள்ளும் புது அரங்கம் வருகிறது, நீங்களும் சேர்ந்த திட்டம். ஒரு காலத்தில் டைகர் பே என்று பேர் பெற்ற பேட்டை அது. ஷெர்லி பாஸி பிறந்தது அங்கே பியூட் தெருவில். கப்பல்காரர்கள் கொண்டுவந்த நாற்பது ஐம்பது ஊர்ப் பாட்டும் கலந்த காபிக்கடைகளையும் வீடுகளையும் 1960-களில் குடிசை ஒழிப்பு என்று இடித்துத் தள்ளினார்கள். அதே மண்ணில் இவ்வளவு பெரிய மேடை எழுப்பும்போது சின்ன மேடைகளுக்கு ஏதாவது திருப்பிக் கொடுப்பது முறை.

அதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சின்ன அரங்குகளுக்காகப் போராடும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் பல வருடமாகச் சொல்லிவருவதுதான்: பெரிய அரங்குகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பவுண்ட். 2023-ல் மட்டும் பிரிட்டனில் 125 சின்ன அரங்குகள் போய்விட்டன என்று கணக்குக் கொடுத்ததும் அவர்கள்தான். இங்கிலாந்தில் ராயல் ஆல்பர்ட் ஹால் அந்த ஒரு பவுண்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் ஸ்டேடியத்தில் ஓர் இரவுக்கு 60,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 60,000 பவுண்ட். டிக்கெட்டுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்தவருக்கு அந்த ஒரு பவுண்ட் கண்ணில்கூடப் படாது. குளிர்பானத்துக்குக் கொடுத்த மீதிச் சில்லறை. வோமன்பி தெருவில் அது பல மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள். தானாக முன்வந்து கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். புது அரங்கம் கதவு திறக்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். திறந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

வெல்ஷ் நேஷனல் ஓபராவின் இசைக்காரர்கள் சம்பளக் குறைப்பை எதிர்த்துப் போராடியது பற்றியும் மியூசியத்துக் கூரை ஒழுகுவது பற்றியும் எழுதலாம்தான். அந்தப் பணம் வேறு பெட்டிகளிலிருந்து வருவது. உங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு நாள் வோமன்பி தெரு முனையில் நின்று, ஒரு குழு வேனை நிறுத்திச் சாமான் இறக்க என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் வேன் நிற்க ஓர் இடம், கச்சேரி முடிந்தபின் கேன்டன் பக்கம் போக ஒரு பஸ். கார்டிஃப் பஸ் உங்களுடையதுதானே.

பதிலை வெல்ஷிலேயே அனுப்பலாம். சூட்கேஸில் டி-ஷர்ட் விற்ற அந்தப் பாடகி சொன்னது புரியாமல் சிரித்ததிலிருந்து வாரம் ஒரு வகுப்புக்குப் போகிறேன். படித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கேன்டனில் குடியிருக்கும் ஒரு தமிழன்